துணிக் கஞ்சி

"ராத்திரி என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் காதிலிருந்து குழாயைக் கழற்றினார்.

"கஞ்சி," என்றாள் அவள்.

டாக்டர் தலையாட்டினார். தெருமுனையில் கிளினிக் வைத்திருப்பவர். மாமனாருக்குப் போன வருஷம் நெஞ்சுவலி வந்தபோது பார்த்தவரும், இந்த வாரம் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தவரும் அவர்தான். கஞ்சியை வடிகட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று சொன்னவரும் அவரே. போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிவிட்டு, "தூக்கத்துலயே போயிருக்கார். இதயம்தான். கஷ்டப்படலை," என்றார். அவள் கணவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த சட்டைகூட மாற்றவில்லை. அவள் போன் செய்ததும் ஓடி வந்தவன்.

கஞ்சி என்று சொன்னது பொய்யில்லை. எந்தக் கஞ்சி என்று டாக்டர் கேட்கவில்லை. யாரும் கேட்க மாட்டார்கள். 

டாக்டர் வருவதற்கு முன்பே அவள் இரண்டு காரியம் செய்து முடித்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்த டம்ளரை எடுத்துக் கழுவி, துடைத்து, அடுக்கில் மற்ற டம்ளர்களுக்கு நடுவில் கவிழ்த்துவிட்டாள். பிறகு மாமனாருக்காகக் காய்ச்சி வைத்திருந்த சோற்றுக் கஞ்சியைத் தொட்டியில் கொட்டி, அந்தப் பாத்திரத்தையும் கழுவினாள்.

டம்ளரின் அடியில் வெள்ளையாக ஒரு வளையம் காய்ந்திருந்தது. நகத்தால் கீறியதும் செதில் செதிலாக உரிந்தது. சோற்றுக் கஞ்சி அப்படிக் காயாது. பிசுபிசுக்கும், வடிகட்டினாலும் ஒன்றிரண்டு குருணை ஒட்டியிருக்கும். கண்ணாடித் தாள் மாதிரி காய்கிற கஞ்சி அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அது துணிக்குப் போடும் கஞ்சி.

அதுதான் அவளுடைய பிழைப்பு. நர்ஸுகளின் ஏப்ரன், வக்கீல்களின் காலர், ஓட்டல் மேஜைக்கு மடித்து நிறுத்துகிற கைத்துணி எல்லாம் அவளிடம் வரும். கடைக் கஞ்சிப் பொடி அவளுக்கு ஆகாது. சோளமாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றி, கை விடாமல் கிளறுவாள். பால்நிறம் போய்த் தெளிந்து வரும்போது இறக்கி, வெந்நீரில் கரைத்த வெண்காரத்தைச் சேர்த்து, மெழுகுவத்தியைச் சீவிக் கொஞ்சம் போட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுவாள். வெண்காரம் விறைப்புக்கு, மெழுகு பளபளப்புக்கு. வெண்காரப் பொட்டலத்தின் மேல் சிவப்பு எழுத்தில் உட்கொள்ளக் கூடாது என்று போட்டிருக்கும். இத்தனை வருஷம் அந்த எழுத்தை அவள் பார்த்ததாகவே நினைவில்லை. இன்று காலை பரணிலிருந்து பொட்டலத்தை எடுத்து, இரண்டு சொல்லையும் எழுத்துக்கூட்டுகிற குழந்தை மாதிரி படித்தாள்.

கஞ்சியை எப்போதும் பின்கட்டில் மூடி போட்ட பக்கெட்டில்தான் வைப்பாள். முந்தாநாள் பக்கெட்டின் அடி விரிசல் விட்டுவிட்டது. நேற்று மத்தியானம் காய்ச்சியதில் மிச்சத்தைச் சமையலறைப் பாத்திரத்தில் ஊற்றி, மாமனாரின் கஞ்சிப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஜோடி. அப்புறம் எடுத்து வைக்கலாம் என்று நினைத்தாள். ஓட்டல்காரர் சாயங்காலம் வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்ததால் இஸ்திரிப் பெட்டியை விட்டு நகர முடியவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் மாமனார் சமையலறைப் பக்கம் நடந்த சத்தம் கேட்டது. பாத்திர மூடி விழுந்தது. எழுந்திருக்கப் போனாள். அதற்குள் அவர் குரல் வந்தது.

"நானே கஞ்சி எடுத்துக்கிட்டேன்மா. நீ எந்திரிக்காதே."

அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

காலையில் பார்த்தபோது சோற்றுக் கஞ்சி ஏடு படிந்து, கரண்டிகூடப் படாமல் அப்படியே இருந்தது. துணிக் கஞ்சிதான் ஒரு டம்ளர் அளவுக்கு இறங்கியிருந்தது. மாமனாருக்கு ஒரு கண்ணில் புரை. இன்னொரு கண்ணுக்கு வேண்டிய கண்ணாடியைப் பாதி நேரம் நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவார்.

ரிட்டயராகி எத்தனையோ வருஷம் ஆகியும் தெருவில் அவரைக் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குள் இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால்கூட, "உள்ளே நகரு, உள்ளே நகரு, உள்ளே இடம் இருக்கு," என்பார். காய்ச்சல் வந்த நாளிலிருந்து அவருக்கு இந்தக் கஞ்சிதான் தமாஷ். "துணிக்குப் போடறது கெட்டியா, பளபளன்னு இருக்கு. எனக்குக் குடுக்கறது தண்ணியா இருக்கு. ஓரவஞ்சனை பண்றியேம்மா. நாளைக்கு என்னையும் முக்கிக் கொடியில போட்டுடு, விறைப்பா நிப்பேன்." அப்போது அவளும் சிரித்தாள். 

துணிக் கஞ்சியையும் கொட்டிவிடத்தான் இருந்தாள். அதற்குள் மாடிவீட்டு டீச்சர் சமையலறைக்குள் வந்துவிட்டார். "நீ ஏன்மா இங்கே நிக்கறே? அங்கே போய் உட்காரு. காபி நான் பார்த்துக்கறேன்." தோளைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துப் போனார். போகும்போது அவள் தரையில் இறக்கியிருந்த அந்தப் பாத்திரத்தைக் காலால் மேடைக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

கூடத்தில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். பஸ் டெப்போவிலிருந்து பழைய டிரைவர் வந்து, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு மளிகைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். மளிகைக்காரர் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தானே இருந்தார். கடைக்கு வந்தாரே," என்றாள். எதற்கு வந்தார் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. வாசலில் நிழல் விழுகிற ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்தாள். அவள் காத்திருந்தது ஒரே ஆளுக்குத்தான்.

நாத்தனார் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தாள். கணவனுக்கு மூத்தவள், பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். இரவு டியூட்டி முடிந்து யூனிபாரத்தோடேயே வந்திருந்தாள். அவள் போட்டிருந்த ஏப்ரன் இந்த வீட்டில் கஞ்சி போட்டதுதான்; இத்தனை நேரம் வேலை செய்தும் மடிப்பு கலையவில்லை. தம்பியின் தலையில் கை வைத்துவிட்டு அப்பாவின் அறைக்குள் போனாள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வரவில்லை. வெகுநேரம் கழித்து வெளியே வந்து, அவளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ராத்திரி வாந்தி ஏதாவது எடுத்தாரா?"

"இல்லை அண்ணி."

"வயித்தைப் பிடிச்சுக்கிட்டாரா? மூச்சு வாங்கிச்சா?"

"ஒண்ணும் சொல்லலை. சீக்கிரமே கதவைச் சாத்திக்கிட்டார்."

"கடைசியா என்ன குடுத்தே?"

"கஞ்சிதான்."

நாத்தனார் அவளையே பார்த்தாள். அது ஆஸ்பத்திரிப் பார்வை. வலியில்லை என்று சொல்கிற நோயாளியின் முகத்தைப் பார்க்கிற பார்வை. அவள் தலையைக் குனிந்து புடவை நுனியைச் சுருட்டினாள். தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். இனி எழுந்து போலீஸுக்குப் போன் செய்வாள், அவ்வளவுதான். ஆனால் நாத்தனார் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். முகம் வெளிறியிருந்தது. விரல்கள் நடுங்கின.

"அக்காவுக்குச் சுகர் இருக்கு," என்றான் கணவன். "ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா. டீச்சர், ஏதாவது..."

"நான் பார்க்கறேன்," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அடுப்பு பற்றுகிற சத்தம் அவள் காதில் விழுந்தது. பாத்திரத்தில் கரண்டி உரசியது. அதற்கு அவள் அர்த்தம் வைக்கவில்லை. மனசு முழுக்க அந்த டம்ளர்தான் இருந்தது. நன்றாகக் கழுவினோமா, விளிம்பில் ஏதாவது ஒட்டியிருக்குமா என்று. டீச்சர் ஒரு கிண்ணத்தை ஆற்றிக்கொண்டே வந்து நாத்தனாரின் கையில் கொடுத்தார்.

"கஞ்சி இருந்துது. கீழே தள்ளி வெச்சிருந்தா. சூடு பண்ணி உப்புப் போட்டிருக்கேன். குடிங்க, தெம்பு வரும்."

அவளுக்கு ஒரு கணம் ஒன்றுமே கேட்கவில்லை. கிண்ணத்திலிருந்து ஆவி எழுவது தெரிந்தது. வீட்டிலிருந்த நல்ல கஞ்சியை அவளே கொட்டிவிட்டாள். மிச்சமிருப்பது அது ஒன்றுதான். இப்போது வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வரும். திறக்காவிட்டால்... நாத்தனார் கரண்டியை எடுத்து ஊதினாள். ஒரு வாய்தானே, ருசி பிடிக்காமல் வைத்துவிடுவாள் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று தெரிந்தது.

"அண்ணி, குடிக்காதீங்க!"

எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். சூடான கஞ்சி நாத்தனாரின் ஏப்ரனிலும் தரையிலும் கொட்டியது. கிண்ணம் உருண்டு போய் டிரைவரின் காலடியில் நின்றது.

"அது துணிக் கஞ்சி. வெண்காரம் போட்டது."

"ஐயோ," என்றார் டீச்சர். "எனக்கு எப்படித் தெரியும்? சோத்துக் கஞ்சி மாதிரியே..."

பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.  டீச்சர் முடிக்காத வாக்கியத்தை எல்லோரும் அவரவர் மனசுக்குள் முடித்துக்கொள்வதை அவள் பார்த்தாள். கணவன்தான் முதலில் பேசினான்.

"ரெண்டும் ஒரே இடத்துலயா இருந்துது?"

"பக்கெட் விரிஞ்சுபோச்சு. அதனால..."

"அப்பா எதைக் குடிச்சார்?"

அவள் தரையில் கொட்டிக் கிடந்த கஞ்சியைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல? அப்பா குடிச்ச டம்ளர் எங்கே?"

"கழுவிட்டேன்."

"எப்போ?"

"காலையில. உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி."

அவன் அவளை யாரோ தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். கோபமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் ஓரடி பின்னால் போனான். மளிகைக்காரர் மெல்ல எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கத் தெரியும். கண்டக்டர் வீட்டு மருமகள் மாமனாருக்குத் துணிக் கஞ்சியைக் கொடுத்துவிட்டாள், டம்ளரையும் கழுவி வைத்துவிட்டாள் என்று. அதில் ஒரு சொல்கூடத் தப்பாக இருக்காது என்று நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் ஏப்ரனில் வழிந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுளித்து, கைக்குட்டையில் துப்பினாள். பையிலிருந்த மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"ரெண்டு பேரும் உள்ளே வாங்க. மத்தவங்க இங்கேயே இருங்க."

அறைக்கதவைச் சாத்தினாள். ஜன்னல் திரை மூடியே இருந்தது. காலையில் போட்ட விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. அவள் கதவோரமாகவே நின்றாள். கட்டிலின் அருகே போக முடியவில்லை. நாத்தனார் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, ஒரு கையால் அப்பாவின் தாடையை அழுத்தினாள். தாடை இறுகியிருந்தது. "மன்னிச்சுக்கப்பா," என்று முணுமுணுத்துவிட்டு இன்னும் அழுத்தி, குனிந்து உள்ளே பார்த்தாள். முகர்ந்தாள். கதவோரம் நின்றவள் கண்ணை மூடிக்கொண்டாள். 

"வாயில கஞ்சியே இல்லை," என்றாள் நாத்தனார். "பல்லு செட்டுல ஏதோ ஒட்டியிருக்கு. ரொட்டி மாதிரி."

தலையணையை லேசாகத் தூக்கினாள். அடியில் பேக்கரி உறை ஒன்று நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே பாதி கடித்த இனிப்பு பன் இருந்தது.

"கடைக்கு இதுக்குத்தான் போயிருக்கார்," என்றான் கணவன். குரல் உடைந்திருந்தது. "கஞ்சி போதும்னு டாக்டர் சொல்லியிருந்தாரே."

"அவரா கேப்பார்?"

நாத்தனார் போர்வையை விலக்கி அப்பாவின் வலது கையை எடுத்தாள். விரல்களைப் பிரிக்கச் சிரமமாக இருந்தது. டார்ச்சை அருகில் கொண்டுபோனாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே, "இங்கே வா," என்றாள்.

"அண்ணி, என்னால..."

"வான்னு சொல்றேன்."

போனாள். மாமனாரின் விரல்நுனிகளில் வெள்ளையாகக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தடியிலும் இருந்தது. அதன்மேல் கறுப்பாக மை.

"குடிச்சவர் கையில எப்படி இது வரும்? எதையோ தடவியிருக்கார். எதை?"

மூன்று பேரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். சுவரில் ஒன்றுமில்லை. அலமாரியில் ஒன்றுமில்லை. கணவன்தான் போய் ஜன்னல் திரையை இழுத்தான்.

கீழ்ப்பாதிக் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. சுருக்கம் இல்லை, மூலை தூக்கவில்லை. கஞ்சியை விரலால் தடவித் தடவி, ஓரங்களை அழுத்தி ஒட்டியிருந்தார். படுத்துக்கொண்டே படிக்க வசதியாகக் குறுக்கெழுத்துப் பக்கத்தை உள்பக்கம் வருகிற மாதிரி, நேராக வைத்து ஒட்டியிருந்தார். வெளியே இருந்த வெயிலில் அதன் கட்டங்கள் துல்லியமாகத் தெரிந்தன.

"எதிர்க்கடையில புது லைட் போட்டாங்க," என்றான் கணவன். "விடிய விடிய கண்ணுல குத்துதுன்னு சொல்லிட்டே இருந்தார். நான்தான் கெட்டித் திரை வாங்கிட்டு வரேன், வாங்கிட்டு வரேன்னு..."

தாளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பல் கிட்டியது. காலையிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்றை விடச் சொன்னபோது உடம்புக்கு அது எப்படி என்று தெரியவில்லை.

"டம்ளரைக் கழுவாம இருந்திருந்தா காலையிலேயே தெரிஞ்சிருக்கும்," என்றான் கணவன், ஜன்னலைப் பார்த்தபடி. "ஏன் கழுவின?"

 நாத்தனார் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டாள்.

"அதை இப்போ கேக்காதே தம்பி. நானா இருந்தாலும் கழுவியிருப்பேன்." பிறகு அவள் பக்கம் திரும்பினாள். "ஆனா என் கையில இருந்த கிண்ணத்தைத் தட்டிவிட்டே பாரு. அதை நான் செஞ்சிருப்பேனான்னு தெரியலை."

அதற்கு அவள் நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஊதுகிற கரண்டியைப் பார்த்துக்கொண்டு தான் சும்மா இருந்த அந்த ஒரு கணத்தை யாரும் பார்க்கவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லப்போவதும் இல்லை.

கணவன் வெளியே போனான். கூடத்தில் அவன் குரல் கேட்டது. "இதயம்தான். அக்கா பார்த்துட்டா. அந்தக் கஞ்சியை அப்பா ஜன்னல்ல பேப்பர் ஒட்ட எடுத்திருக்கார். வேணும்னா வந்து பாருங்க." சொன்னதையே மளிகைக்காரருக்காக வாசலில் போய் மறுபடியும் சத்தமாகச் சொன்னான்.

மத்தியானத்துக்கு மேல் அமரர் வண்டி வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். நாத்தனார் வெந்நீரில் துணியை நனைத்து அப்பாவின் உடம்பைத் துடைத்தாள். விரல்களை மட்டும் அவளிடம் விட்டாள். அவள் ஒவ்வொரு விரலாக ஊறவைத்து, பொருக்கைத் தேய்க்காமல் தானாகக் கரையும்வரை பொறுத்திருந்து துடைத்தாள். மை முழுதாகப் போகவில்லை.

"நல்ல சட்டை ஒண்ணு எடு," என்றாள் நாத்தனார்.

அலமாரியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். நாத்தனார் அதை உதறினாள். அது விரியவில்லை, பலகை மாதிரி அப்படியே நின்றது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"எல்லாத்துக்குமா கஞ்சி போடுவே?"

"மிச்சம் இருக்கும்ல அண்ணி. அதை வீணாக்காம வீட்டுத் துணியையும் முக்கிடுவேன்."

"அப்பாவுக்குக் கஞ்சிச் சட்டையே ஆகாதே. யூனிபாரத்துக்குப் போட்டாக்கூட அம்மாகிட்டச் சண்டைக்குப் போவார். கழுத்தை அறுக்குதும்பார்."

"என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே."

 நாத்தனார் சட்டையை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்பாவின் தலையைச் சீவ ஆரம்பித்தாள்.

அவள் பின்கட்டுக்குப் போனாள். பெரிய பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிச் சட்டையை அமுக்கினாள். முதலில் அது மிதந்தது. பிறகு மெல்லத் தளர்ந்து, கைகள் பிரிந்து, தண்ணீருக்குள் விரிந்தது. பிசைந்தாள். தண்ணீர் வெளுத்து வந்தது. கொட்டிவிட்டு வேறு ஊற்றினாள். ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியைச் சூட்டுக்குப் போட்டிருந்தாள்.

"வண்டி வந்துடுச்சு," என்று கணவன் கதவோரம் வந்து நின்றான். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"இதோ."

அவன் போகவில்லை. அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் காலரை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நெருடிப் பார்த்தாள். உள்மடிப்பில் இன்னும் கொஞ்சம் விறைப்பு இருந்தது. பேசினைச் சாய்த்தாள். அவன் வாளியைத் தூக்கிக் கொண்டுவந்து புதுத் தண்ணீர் ஊற்றினான்.